வானூர்தியும் ஆண்டுக் கணக்கும்

திருப்பூரிலிருந்து பல்லடம் சென்று, அங்கிருந்து கோவை செல்லும் நெடுஞ்சாலையில் மேற்கே திரும்பினால், இருபுறமும் விசைத்தறிகளின் ஓசை இடைவிடாது கேட்டுக்கொண்டே வரும். ஊர்கள் மாறினாலும் ஓசை மாறுவதில்லை. ஆயினும் சூலூரை நெருங்குமிடத்து, அவ்வோசையை அடக்கி மேலெழும் வேறோர் ஓசை உண்டு. வானத்தையே கிழிப்பது போன்ற அவ்வொலி கேட்டதும், தறியருகே நிற்பவரும் வாயிலுக்கு வந்து அண்ணாந்து நோக்குவர். ஒலி வந்த திசையில் விமானம் இராது. அஃது அதற்குள் நெடுந்தொலைவு முன்னே சென்றிருக்கும். சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து எழுந்த ஜெட் போர் விமானம் அது.

"அது என்ன விமானம்?" என்று ஒரு சிறுவன் கேட்பானாயின், "தேஜஸ்" என்று இன்று விடை கூறுவர். அவ்விடை இன்றைக்குப் பொருந்தும். 1962-ஆம் ஆண்டில் அதே இடத்தில் நின்று அதே வினாவை ஒருவன் கேட்டிருப்பின், "சீ ஹாக்" என்பதே விடையாக இருந்திருக்கும். அது விமானப்படைக்கு உரியதன்று; கடற்படைக்கு உரியது. கடற்கரையிலிருந்து நெடுந்தொலைவிலுள்ள கொங்கு நாட்டில் கடற்படை விமானம் பறந்ததோ என்று வியப்புத் தோன்றலாம். பறந்தது உண்மையே. இந்தியக் கடற்படையின் விமானத் தளமான 'ஐ.என்.எஸ். ஹன்ஸா' 1961-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் தொடங்கப்பெற்றது சூலூரிலேதான். அவ்வாண்டு இறுதியில் கோவா விடுதலை பெற்றது. பின்னர் 1964-இல் அத்தளம் கோவாவிலுள்ள தபோலிமுக்கு மாறிச் சென்றது. ஆகவே, "சூலூர் வானில் பறப்பது எது?" என்னும் வினாவுக்கு, "எந்த ஆண்டில்?" என்று எதிர்வினா எழுப்பாமல் விடை கூற இயலாது.

இந்த எதிர்வினாவை நாள்தோறும் எழுப்பவேண்டிய கடமையுடையார் ஒரு சாரார் உளர். அவர்கள் பாவனைப் பறப்புக் கருவிகளை அமைப்போர். மண்ணைவிட்டு எழாமலே வானில் பறக்கும் உணர்வைத் தந்து விமானம் ஓட்டப் பயிற்றும் கருவியே பாவனைப் பறப்புக் கருவியாகும். 'சிமுலேட்டர்' என்று அதனை வழங்குவர். அதன் வரலாறு சுவையானது. அமெரிக்க நாட்டில் எட்வின் லிங்க் என்பார் ஒருவர் இருந்தார். அவருடைய தந்தையார் பியானோ, ஆர்கன் முதலிய இசைக் கருவிகளைச் செய்யும் தொழிற்சாலையை நடத்தியவர். ஆர்கனுக்குக் காற்றூட்டும் துருத்திகளோடு சிறுவயது முதலே பழகிய லிங்க், அத்துருத்திகளையே கொண்டு, சிறு விமானம் போன்ற ஒரு பெட்டியைச் சாயவும் நிமிரவும் திரும்பவும் செய்தார். 1929-இல் அக்கருவி உருப்பெற்றது. தொடக்கத்தில் அதனைப் பொருட்காட்சி விளையாட்டாகவே பலர் கருதினர். 1934-இல் அமெரிக்கப் படை விமானிகள் தபால் மூட்டைகளைச் சுமந்து மோசமான வானிலையில் பறந்து, பலர் மாண்டனர். அதன் பின்னரே படையினர் லிங்கின் கருவிகளுள் ஆறனை விலைகொடுத்து வாங்கினர். உயிரிழப்பு நேர்ந்த பின்பே விளையாட்டுப் பெட்டி பயிற்சிக் கருவியாயிற்று.

துருத்தியின் இடத்தை இன்று கணிப்பொறி பிடித்துள்ளது. படைத்தளங்களிலே பெரிய கருவிகள் இருப்பதோடு, வீட்டு மேசைமீதுள்ள கணிப்பொறியிலும் போர் விமானங்களைப் பாவனையாக ஓட்டுதல் இயலும். 'டிசிஎஸ்' போன்ற மென்பொருள்களில், பயில்வோன் தானே ஒரு களத்தை அமைத்துக்கொள்ளலாம்: இந்த இடம், இந்த நாள், இந்தப் பொழுது, இத்தரப்பில் இன்ன விமானம், எதிர்த்தரப்பில் இன்ன விமானம் என்று வரையறுக்கலாம். நாளைக் குறித்து வரலாற்று முறைப்படி அமைக்குமாறு ஏவினால், அந்நாளில் பணியில் இல்லாத விமானங்கள் பட்டியலினின்று நீங்கிவிடும். அங்ஙனம் நீக்குவதற்குக் கணிப்பொறிக்கு அறிவு ஏது? எந்த விமானம் எந்த நாளில் பணியேற்றது, எந்த நாளில் ஓய்வுபெற்றது என்று ஒருவர் முன்பே எழுதிவைத்த அட்டவணையே அதற்குத் துணை. அட்டவணை பிழைபடின் களமும் பிழைபடும்.

சங்ககாலத்து அரசன் ஒருவனை நாடக மேடையில் ஏற்றி, அவன் உண்ணும் இலையில் பச்சை மிளகாயை வைத்தால் அறிஞர் நகைப்பர். மிளகாய் போர்த்துக்கீசியர் வருகைக்குப் பின்னரே இந்நாட்டில் பரவிய பொருள். அவ்வரசன் அறிந்த காரம் மிளகின் காரமே. நாடகத்தில் இப்பிழை நகைப்போடு போய்விடும். போர்க்களப் பாவனையிலோ பிழையின் விளைவு வேறு. இல்லாத கருவியை ஒருவன் கையில் கொடுத்தால், அவன் பெறும் வெற்றியும் பொய்யாகும். அவனுடைய எதிரி அடையும் தோல்வியும் பொய்யாகும். அக்களத்தில் உண்மையாகவே நின்று போரிட்டு மாண்டவர்களுடைய நிலையும் திரிந்துபோகும்.

ஒரு விமானம் பணியேற்ற நாளைக் குறித்துவைப்பது எளிய செயல் போலத் தோன்றும். அஃது அத்துணை எளிதன்று. தேஜஸ் விமானத்தையே சான்றாக எடுத்துக்கொள்ளலாம்.

அவ்விமானத்தின் முன்மாதிரி பெங்களூரில் முதன்முதலாக விண்ணில் எழுந்த நாள் 2001-ஆம் ஆண்டு சனவரி 4. பறந்தது 18 நிமிடங்களே. அன்று அதில் படைக்கலம் ஏதும் இல்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2003-இல், 'தேஜஸ்' என்னும் பெயர் சூட்டப்பெற்றது. 2011 சனவரி 10-இல் தொடக்கநிலைப் பணி ஒப்புதலின் முதற்பகுதி கிடைத்தது. 2013 டிசம்பர் 20-இல் அதன் இரண்டாம் பகுதி கிடைத்தது. தொழிற்சாலையில் வரிசையாகச் செய்யப்பெற்றவற்றுள் முதல் விமானம் விமானப்படையிடம் ஒப்படைக்கப்பெற்றது 2015 சனவரி 17-இல். ஒரு விமானம் படைப்பிரிவு ஆகாது. 2016 சூலை முதல் நாளன்றே, இரண்டு விமானங்களோடு, 45-ஆம் எண் படைப்பிரிவு பெங்களூரில் தேஜஸை ஏற்றது. அப்பிரிவு சூலூருக்கு வந்து சேர்ந்தது 2018 சூலையில். முழுநிலைப் பணி ஒப்புதல் கிடைத்ததோ 2019 பிப்ரவரி 20-இல். அந்நிலையிலுள்ள விமானத்தோடு 18-ஆம் எண் படைப்பிரிவு சூலூரில் பணியேற்ற நாள் 2020 மே 27.

இவற்றுள் எதனை அட்டவணையில் எழுதுவது? 2001 என்று எழுதினால், கார்கில் போர் முடிந்து இரண்டே ஆண்டுகளில் தேஜஸ் எல்லையைக் காத்ததாகக் கணிப்பொறி காட்டும். 2019 என்று எழுதினால், அதற்கு மூன்றாண்டு முன்பே அதனை ஓட்டிப் பழகிய விமானிகள் இல்லாதவர் ஆகிவிடுவர்.

பின்னலாடைத் தொழிலில் பழகியவர்க்கு இக்குழப்பம் புதிதன்று. வெளிநாட்டு வணிகர் ஒருவர் பனியனுக்கு ஆர்டர் கொடுக்கிறார். முதலில் ஒரு சாம்பிள் தைத்து அனுப்புவர். அவர் அதனைப் பார்த்து, கழுத்தை மாற்றுக, சாயத்தைச் சற்றுக் குறைக்க என்பார். மீண்டும் ஒரு சாம்பிள் போகும். அவர் இசைந்த பின்னரே நூல் வாங்கி, துணி பின்னி, சாயமேற்றி, வெட்டி, தைத்து, சரிபார்த்து, இஸ்திரி போட்டுப் பெட்டியில் அடைப்பர். பெட்டிகள் தூத்துக்குடி சென்று கப்பலேறும். ஆர்டர் முடிந்த நாள் எதுவென்று கேட்டால், சாம்பிள் போன நாளைச் சொல்பவர் எவரும் இலர். விமானத்தின் முதற்பறப்பு சாம்பிளுக்கு ஒப்பானது; படைப்பிரிவு அமைந்த நாள் கப்பலேறிய நாளுக்கு ஒப்பானது. அட்டவணை எழுதுவோருள் கருத்துடையோர் படைப்பிரிவு அமைந்த நாளையே பெரிதும் கொள்வர். முதற்பறப்பின் நாள் செய்தித்தாள்களில் பெரிய எழுத்தில் வெளிவருவதால் அதுவே பலர் நினைவில் நிற்கிறது. பிழைக்கு அதுவே வாயிலும் ஆகிறது.

விமானத்தின் நாள் தெளிவான பின்னும் ஏவுகணையின் நாள் எஞ்சி நிற்கிறது. விமானம் வேறு, அது சுமக்கும் ஏவுகணை வேறு. இரண்டும் ஒரே நாளில் பிறப்பதில்லை. கண்ணுக்கு எட்டாத் தொலைவிலுள்ள இலக்கைத் தாக்கும் 'டெர்பி' ஏவுகணையைத் தேஜஸ் ஏவிச் சோதித்தது 2017 மே 12-இல். இந்தியாவிலேயே உருவான 'அஸ்திரா' ஏவுகணையைத் தேஜஸிலிருந்து முதன்முதலாக ஏவியது 2023 ஆகஸ்டு 23-இல், கோவாக் கடற்கரைக்கு அப்பால். எனவே 2018-ஆம் ஆண்டில் சூலூரிலிருந்து ஒரு தேஜஸை எழச் செய்து, அதன் இறக்கையில் அஸ்திராவைத் தொங்கவிடும் பயில்வோன், விமானத்தில் பிழை செய்யவில்லை. நாளிலும் பிழை செய்யவில்லை. இரண்டையும் இணைத்ததில் பிழை செய்தான். அஸ்திரா அதற்கு முன்பே வேறு வகை விமானத்திலிருந்து சோதிக்கப்பெற்றது என்று அவன் வாதிடலாம். அயல்வீட்டில் உள்ள தறி தன் வீட்டில் நெய்யாது.

பெயர் ஒன்றாய் இருந்து பொருள் மாறுபடுதல் இன்னொரு தொல்லை. 'சைட்விண்டர்' என்பது அமெரிக்காவில் உருவாகி 1956-இல் பணியேற்ற ஏவுகணை. எதிரி விமானத்தின் எஞ்சினிலிருந்து வெளிவரும் வெப்பத்தை உணர்ந்து, அதனைத் தொடர்ந்து சென்று தாக்குவது அதன் இயல்பு. தொடக்க காலத்து வகைக்கு 'பி' என்பது அடையாள எழுத்து. அதன் உணர்வு மந்தமானது. எதிரியின் பின்புறத்தே, எஞ்சினின் கனல் தெரியும் இடத்தில் நின்று ஏவினால்தான் அது வெப்பத்தைக் காணும். எதிரி கடுமையாக வளைந்து திரும்பினால் அவனை விட்டுவிடும். சிலபோது சூரியனையே இலக்காகக் கொண்டு மேலே சென்றுவிடும். 1970-களின் பிற்பகுதியில் வந்த 'எல்' வகையோ, எதிரே வரும் விமானத்தையும் முகத்துக்கு நேரே தாக்கவல்லது. 1982-இல் ஃபாக்லாந்துத் தீவுகளில் நடந்த போரில் பிரிட்டானியரின் 'சீ ஹாரியர்' விமானங்கள் அதனைக் கொண்டே போரிட்டன. இரண்டுக்கும் பெயர் சைட்விண்டர் என்பதே. திருப்பூரில் எவரும் "நூல் கொடு" என்று மட்டும் கேட்டு நூல் வாங்குவதில்லை; இத்தனையாம் நம்பர் நூல் என்று குறித்தே வாங்குவர். நம்பர் மாறினால் துணியே மாறிவிடும். ஏவுகணையின் பெயருக்குப் பின் நிற்கும் ஒற்றை எழுத்தும் அத்தகையதே.

சைட்விண்டரின் வரலாற்றில் ஒரு வியத்தகு நிகழ்ச்சி உண்டு. 1958 செப்டம்பரில் தைவான் நீரிணையின்மேல் நடந்த வான்போரில் தைவானின் 'சேபர்' விமானங்கள் முதன்முதலாக அதனை ஏவின. ஏவியவற்றுள் ஒன்று சீன விமானம் ஒன்றின் உடலில் தைத்து, வெடியாமல் நின்றுவிட்டது. அவ்விமானம் ஏவுகணையோடு தளம் திரும்பியது. சோவியத் நாட்டார் அதனைப் பெற்று, பிரித்துப் பார்த்து, அதே அமைப்பில் 'கே-13' என்னும் ஏவுகணையைச் செய்தனர். 1963-இல் இந்தியாவுக்கு வந்த 'மிக்-21' விமானங்கள் சுமந்தது இந்த கே-13-ஐயே. பாகிஸ்தானின் சேபர் விமானங்கள் சிலவற்றில் சைட்விண்டர் இருந்தது. 1965-ஆம் ஆண்டுப் போரில் இருதரப்பிலும் நின்றவை ஒரே குடும்பத்து ஏவுகணைகள் எனலாம். அப்போரில் இந்திய மிக்-21 ஒன்று ஏவிய கே-13 கணைகள் இரண்டும் குறிதவறின. பாவனைக் களத்தில் கே-13-ஐ ஏவுந்தோறும் குறி தப்பாமல் தாக்கச் செய்வாராயின், 1965-இன் வானம் அங்கே இல்லை.

இனி அதே 1965-ஆம் ஆண்டின் செப்டம்பர் முதல் நாளுக்குச் செல்லவேண்டும். அட்டவணையால் மட்டும் விளங்காத ஓர் உண்மையை அந்நாள் காட்டுகிறது.

இன்று தேஜஸை ஓட்டும் 45-ஆம் எண் படைப்பிரிவு புதிதாய்த் தோன்றியதன்று. 1959-இல் அமைந்த பிரிவு அது. 'பறக்கும் குறுவாள்கள்' என்று பொருள்படும் 'ஃபிளையிங் டேகர்ஸ்' என்பது அதன் பெயர். அந்நாளில் அப்பிரிவு ஓட்டியது 'வேம்பயர்' என்னும் ஜெட் விமானத்தை. வேம்பயர் முதன்முதலாகப் பறந்தது 1943-இல், இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலத்தில். இந்தியாவுக்கு அது 1948-இல் வந்தது. இந்திய விமானப்படை கண்ட முதல் ஜெட் விமானமும் அதுவே. வந்த நாளில் அதனைக் கண்டு பெருமிதம் கொள்ளாதார் இலர்.

1965 செப்டம்பர் 1-ஆம் நாள் சம்பு–சௌரியான் பகுதியில் பாகிஸ்தானின் டாங்குப் படை முன்னேறி வந்தது. தரைப்படை விமானத் துணையை வேண்டியது. அந்திப்பொழுது நெருங்கிற்று. பதான்கோட் தளத்தில் ஆயத்தமாய் நின்ற 45-ஆம் பிரிவின் வேம்பயர்கள் எழுந்து சென்றன. அங்கே அவற்றை எதிர்கொண்டவை கீழிருந்து சுட்ட துப்பாக்கிகளும் மேலிருந்து பாய்ந்த சேபர் விமானங்களும் ஆம். சேபரின் விரைவுக்கு வேம்பயரின் விரைவு ஈடன்று. அன்று மாலை நான்கு வேம்பயர்கள் வீழ்ந்தன. மூன்று விமானிகள் உயிர்நீத்தனர். அதன்பின் வேம்பயர்களை முன்னணிப் போரினின்று விலக்கிக்கொண்டனர். பயிற்சிக்கு மட்டும் அவ்வகை விமானங்கள் மேலும் சில ஆண்டுகள் பயன்பட்டன.

வேம்பயரின் பணிநாளை அட்டவணையில் எழுதுவோர், 1948 முதல் என்று எழுதுவர். 1965 செப்டம்பர் 1-இல் அது பணியில் இருந்ததா என்றால், இருந்தது. கணிப்பொறி தடை சொல்லாது. ஆனால் பணியில் இருத்தல் ஒன்று, போருக்குத் தகுதியாய் இருத்தல் வேறொன்று. அவ்விரண்டுக்கும் இடையேயுள்ள வேறுபாட்டை அந்த மூவரும் தம் உயிரைக் கொடுத்துக் காட்டினர். செப்டம்பர் முதல் நாளின் களத்தை அமைக்கும் மாணவன், வேம்பயரை நீக்கிவிட்டு அதனினும் விரைந்த விமானத்தை வைத்தால் வெற்றி எளிதில் கிட்டும். அவ்வெற்றியால் அவன் அறிவது யாதும் இல்லை. வேம்பயரிலேயே அமர்ந்து, டாங்குகளை நோக்கித் தாழப் பறந்து, பின்னே சேபர் வருவதைக் கண்டு, எஞ்சினை முழு விசையில் முடுக்கியும் விலகமுடியாமல் போகும் அந்தச் சில நொடிகளில்தான், அன்று அனுப்பப்பட்டோர் எத்தகைய விமானத்தில் சென்றனர் என்பது அவனுக்குப் புலனாகும். அதே களத்தை நான்கு நாள் கழித்து அமைப்பானாயின், அங்கே வேம்பயருக்கு இடமில்லை. ஆண்டு போதாது, திங்களும் நாளும் வேண்டும்.

18-ஆம் எண் படைப்பிரிவின் கதையும் இத்தகையதே. அப்பிரிவு 1965 ஏப்ரல் 15-இல் 'நாட்' என்னும் சிறு ஜெட் விமானத்தோடு அமைந்தது. நாட் விமானம் மிகச் சிறியது. அதனருகே நிற்கும் ஆள் பெரியவனாகத் தோன்றுவான். அதன் படைக்கலம் 30 மில்லிமீட்டர் பீரங்கிகள் இரண்டே. எதிரி விமானத்தின்மேல் ஏவுதற்கு ஏவுகணை அதில் இல்லை.

1971 டிசம்பர் 14-ஆம் நாள் காலை சிறீநகர்த் தளத்தின்மீது பாகிஸ்தானின் சேபர் விமானங்கள் ஆறு வந்து தாக்கின. ஓடுதளத்தில் குண்டுகள் விழுந்துகொண்டிருந்தபோதே, 18-ஆம் பிரிவைச் சார்ந்த நிர்மல் ஜித் சிங் செகோன் தம் நாட் விமானத்தை எழுப்பினார். எதிரிகள் பலராய்ச் சூழ்ந்து நிற்க, தனியொருவராய்ப் போரிட்டார், சேபர்களைத் தம் பீரங்கிகளால் தாக்கினார், இறுதியில் அவரது விமானம் வீழ்ந்தது, அவரும் மாண்டார். அவருக்குப் பரம்வீர் சக்கரம் வழங்கப்பெற்றது. இந்திய விமானப்படையில் அவ்விருதைப் பெற்றவர் அவர் ஒருவரே.

இந்நிகழ்ச்சியைப் பாவனைக் களமாக அமைப்போர் இருவகைப் பிழை செய்யக்கூடும். நாட் விமானத்துக்கு ஏவுகணை ஒன்றைப் பூட்டிவிடலாம். அவ்வாறாயின் செகோன் எதனைக் கொண்டு ஆறு விமானங்களை எதிர்த்தார் என்பது மறைந்துபோகும். அன்றிச் சேபரின் இறக்கையில் சைட்விண்டர் 'எல்' வகையை மாட்டிவிடலாம். அவ்வாறாயின் எதிரிகள் தொலைவிலிருந்தே, எந்தக் கோணத்திலும், அவரை வீழ்த்திவிடுவர். நெருங்கிச் சுழன்று போரிட்ட போராட்டம் நிகழவே நிகழாது. ஒன்று வீரத்துக்கு விலையில்லாமல் செய்கிறது; மற்றது வீரத்துக்கு இடமில்லாமல் செய்கிறது. இரண்டும் தோன்றுவது அட்டவணையில் ஒரு கட்டத்தைக் கவனியாமல் விட்டதால். அந்த 18-ஆம் பிரிவே, நாட் விமானத்துக்குப் பின் வேறு விமானங்களையும் ஓட்டி, 2016 ஏப்ரலில் ஓய்வுகொண்டு, 2020-இல் சூலூரில் மீண்டும் உயிர்பெற்றுத் தேஜஸை ஏற்றது. '18-ஆம் எண்' என்று மட்டும் குறித்தால் கணிப்பொறி எந்த விமானத்தைக் கொணரும்? அதற்கும் நாளே விடை.

இடத்துக்கும் நாள் உண்டு என்பதைச் சூலூரின் சீ ஹாக் முன்பே காட்டியது. அதற்கு அண்மைக் காலத்துச் சான்று ஒன்றும் உண்டு. 2024 ஆகஸ்டில் 'தரங் சக்தி' என்னும் பன்னாட்டு வான்படைப் பயிற்சியின் முதற்பகுதி சூலூரில் நடந்தது. செருமனி, பிரான்சு, இசுபெயின், பிரிட்டன் ஆகிய நாடுகளின் விமானங்கள் அங்கு வந்து இறங்கின. ஐரோப்பாவின் 'டைஃபூன்' விமானத்தைக் கொங்கு நாட்டு வானில் காட்டும் பாவனைக் களம், 2023-இல் அமைந்தால் கற்பனை. 2024 ஆகஸ்டின் அந்த ஒரு வாரத்தில் அமைந்தால் வரலாறு. அந்நாட்களில் நெடுஞ்சாலையோரம் வண்டியை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தோர், தாம் பார்த்தது அட்டவணையின் எத்துணைச் சிறிய கட்டம் என்பதை எண்ணியிருக்கமாட்டார்.

தொடக்க நாளைப் போலவே இறுதி நாளையும் குறித்தல் வேண்டும். பலர் இதனை மறந்துவிடுவர். வந்த நாளில் விழா எடுப்போர் பலர். போன நாளைக் குறித்துவைப்போர் சிலர். மிக்-21 விமானம் இவ்வகையில் பேறு பெற்றது எனலாம். 1963-இல் வந்த அவ்வகை விமானம், பல வடிவங்களில் 62 ஆண்டுகள் இந்திய விமானப்படையில் பறந்தது. தந்தை ஓட்டிய வகையை மகனும் ஓட்டிய குடும்பங்கள் உண்டு. 45-ஆம் பிரிவும் ஒரு காலத்தில் அதனை ஓட்டிற்று. 1999 ஆகஸ்டு 10-இல் பாகிஸ்தானின் 'அட்லாண்டிக்' விமானத்தை வீழ்த்தியது அப்பிரிவின் மிக்-21 ஒன்றே. அது ஏவியது 'ஆர்-60' என்னும் ஏவுகணை. வீழ்ந்த விமானத்தில் இருந்த 16 பேரும் மாண்டனர். 1963-இல் கே-13-ஐச் சுமந்து வந்த விமானம், 1999-இல் வேறு ஏவுகணையைச் சுமந்து நின்றது. பெயர் மட்டும் மாறவில்லை.

2025 செப்டம்பர் 26-ஆம் நாள் சண்டிகரில் மிக்-21-க்கு விடைகொடுக்கும் விழா நடந்தது. 1963-இல் அதன் முதற் படைப்பிரிவு அமைந்ததும் சண்டிகரிலேதான். அன்றுமுதல் பாவனைக் களங்களின் அட்டவணையில் அதன் பெயருக்கு எதிரே, நெடுங்காலம் வெறுமையாய்க் கிடந்த இறுதிக் கட்டத்தில், ஒரு நாள் எழுதப்பெற்றது. அதற்கும் கீழே தேஜஸின் வரிசை உள்ளது. அதன் இறுதிக் கட்டம் வெறுமையாகவே இருக்கிறது.